குழந்தையைக் காப்பாத்துறாங்களா, பறிக்கிறாங்களா? நார்வேயின் 'பார்னவார்ன்' மீது ஏன் இத்தனை புகார்?

"கையால சோறு ஊட்டுனதுக்காகப் பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்!"

நார்வே என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது இந்த ஒரு வரிதான். 2012-ல் இந்தியச் செய்தி சேனல்கள் நாள் கணக்கில் விவாதித்த விஷயம் இது. 2023 மார்ச்சில் ராணி முகர்ஜி நடித்த 'மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே' படம் வந்தபோது மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது.

குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பாதுகாக்க ஒரு அரசுத் துறை வேண்டுமா? அது குடும்பங்களுக்கு நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா? இந்தக் கேள்வி பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் நார்வே அளவுக்கு இதற்காகச் சர்வதேச நீதிமன்றத்தில் குட்டு வாங்கிய நாடு அதிகம் இல்லை. அந்த நீதிமன்றம் கண்டுபிடித்த தப்பு, நாம் வாட்ஸ்அப்பில் படித்த தப்பு இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விரிவாகப் பார்க்கலாம்.

2011-ல் உண்மையில் என்ன நடந்தது?

நார்வேயின் எண்ணெய்த் தொழில் நகரமான ஸ்டவாங்கரில் வசித்த ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு குழந்தைகளை 2011 மே மாதம் உள்ளூர் குழந்தைகள் நல அதிகாரிகள் எடுத்துச் சென்றார்கள். மகனுக்கு 3 வயதுகூட நிறையவில்லை. மகள் சில மாதக் கைக்குழந்தை. இருவரும் வளர்ப்புக் குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டனர். 18 வயது வரை குழந்தைகள் அங்கேதான் இருக்க வேண்டும், பெற்றோர் ஆண்டுக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 1 மணி நேரம் பார்க்கலாம் என்று முடிவானதாக அப்போது செய்திகள் வந்தன.

கையால் ஊட்டியது, அப்பாவோடு ஒரே கட்டிலில் படுக்க வைத்தது ஆகியவற்றை அதிகாரிகள் குறையாகச் சொன்னதாகப் பெற்றோர் கூறினார்கள். இந்தியா கொந்தளித்தது. வெளியுறவு அமைச்சகம் தலையிட்டது. நடுவில் கணவன் மனைவிக்குள்ளேயே கடுமையான பிரச்னை இருப்பதாகவும் தகவல் வர, விவகாரம் இன்னும் சிக்கலானது. கடைசியில் 2012 ஏப்ரலில் குழந்தைகள் அவர்களுடைய சித்தப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

பெரும்பாலானோருக்குத் தெரிந்த கதை இதோடு முடிகிறது. ஆனால் அந்தத் தாய்க்குக் குழந்தைகள் அப்போதும் கிடைக்கவில்லை. கணவர் குடும்பத்தின் வசம் இருந்த பிள்ளைகளுக்காக அவர் இங்கேயும் போராட வேண்டியிருந்தது. மேற்கு வங்கத்தின் பர்தமான் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அவரிடமே பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்று சொன்னது. அதன் பிறகும் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போய், 2013 ஜனவரியில்தான் பிள்ளைகள் அவர் கைக்கு வந்தார்கள். ஒரு நாட்டில் குழந்தைகள் நல அமைப்பு அவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தது. இன்னொரு நாட்டில் அதே மாதிரியான அமைப்புதான் அவர் பக்கம் நின்றது. படம் பார்த்தவர்கள்கூட இதை அதிகம் பேசுவதில்லை.

அப்போ கையால் ஊட்டியது காரணமே இல்லையா?

இல்லை என்கிறது நார்வே. படம் வெளியானபோது அந்நாட்டுத் தூதரகம் வெளியிட்ட அறிக்கையில், கையால் சாப்பிடுவதோ பெற்றோருடன் ஒரே படுக்கையில் தூங்குவதோ குழந்தைக்குத் தீங்கு என்று தாங்கள் கருதுவதில்லை, அதற்காக யாரிடமிருந்தும் குழந்தையைப் பிரிப்பதில்லை என்று விளக்கம் தரப்பட்டது.

அப்படியென்றால் உண்மையான காரணம் என்ன? அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது. குழந்தை சம்பந்தப்பட்ட விவரங்களை வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. பெற்றோர் மைக் முன்னால் அழலாம், அதிகாரி வாய் திறக்கக் கூடாது. அதனால் இந்த மாதிரி வழக்குகளில் வெளியே வருவது எப்போதும் ஒரு தரப்புக் கதைதான். ரகசியம் குழந்தையின் நன்மைக்காக என்பது சரி. ஆனால் அதே ரகசியத்தின் மறைவில் அதிகாரிகளின் தவறும் ஒளிந்துகொள்ள முடியும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'பார்னவார்ன்'னா என்ன?

நார்வே மொழியில் 'குழந்தைப் பாதுகாப்பு' என்று அர்த்தம். டெல்லி மாதிரி ஒரு தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் துறை இல்லை இது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு கிளை இருக்கும். ஆசிரியர், மருத்துவர், மழலையர் பள்ளி ஊழியர் யாராக இருந்தாலும், ஒரு குழந்தை கொடுமைக்கோ கடுமையான அலட்சியத்துக்கோ ஆளாகிறது என்று சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். அது சட்டக் கடமை.

புகார் வந்ததும் 1 வாரத்துக்குள் அதைப் பரிசீலிக்க வேண்டும். விசாரணை தேவைப்பட்டால் 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விதிவிலக்காக 6 மாதம் வரை போகலாம். விசாரணை முடிந்து தலையீடு நடக்கும் பெரும்பாலான குடும்பங்களில் குழந்தையை வீட்டை விட்டு எடுப்பதில்லை. பெற்றோருக்கு ஆலோசனை, மழலையர் பள்ளியில் இடம், சில சமயம் பண உதவி, சோர்ந்து போன பெற்றோருக்கு ஓய்வு கிடைக்க மாதத்தில் சில நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு குடும்பம் என்று உதவிகள்தான் அதிகம். இந்த உதவி பெற்ற குடும்பங்கள் டிவியில் வருவதில்லை, படமும் ஆவதில்லை.

குழந்தையைப் பெற்றோரிடமிருந்து எடுக்க வேண்டும் என்றால், நீதிமன்றம் போல இயங்கும் ஒரு தீர்ப்பாயம் முடிவெடுக்க வேண்டும். சட்டம் படித்த ஒருவர் தலைமை வகிப்பார். ஒரு நிபுணரும், பொதுமக்களில் ஒருவரும் உடன் இருப்பார்கள். பெற்றோருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றம் போகலாம்.

ஆனால் 'அவசரம்' என்று அதிகாரி கருதினால், முதலில் குழந்தையை எடுத்துவிட்டுப் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நெஞ்சைப் பதற வைக்கும் பெரும்பாலான சம்பவங்கள் இந்த வழியில் வந்தவைதான். 2015 நவம்பரில் ருமேனியத் தந்தை, நார்வேஜியத் தாய் கொண்ட ஒரு குடும்பத்தின் 5 குழந்தைகளும் இப்படி எடுக்கப்பட்டார்கள். பெற்றோர் அடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பல நாடுகளில் நார்வே தூதரகங்கள் முன்பு போராட்டம் நடந்தது. 2016 ஜூனில் 5 பேரும் வீடு திரும்பினார்கள்.

ஒரு அடி அடிச்சாலே தப்பா?

ஆமாம். நார்வேயில் பெற்றோர் குழந்தையை அடிப்பதற்கு 1987-லேயே தடை வந்துவிட்டது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்', 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்றெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறைக்கும். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது. வீட்டுக்கு அப்படி நேரடியான தடை கிடையாது. இங்கிருந்து வேலைக்குப் போகும் குடும்பங்கள் முதலில் இடறும் இடம் சாப்பாடோ படுக்கையோ இல்லை, இதுதான்.

ஸ்டவாங்கர் வழக்கு ஓய்ந்த அதே 2012-ல், டிசம்பர் மாதம், ஓஸ்லோ நீதிமன்றம் ஆந்திராவைச் சேர்ந்த ஒரு தம்பதிக்குச் சிறைத் தண்டனை விதித்தது. தந்தைக்கு 18 மாதம், தாய்க்கு 15 மாதம். 7 வயது மகனைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள், மிரட்டினார்கள் என்பது வழக்கு. பள்ளிப் பேருந்தில் சிறுநீர் கழித்துவிட்டதற்காக இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறார்கள் என்று அந்தச் சிறுவன் பள்ளியில் சொல்லப்போய்தான் விஷயம் வெளியே வந்தது. பெல்ட்டால் அடித்தது, சூடு வைத்தது என்ற குற்றச்சாட்டுகளும் இருந்தன. அப்போதும் இங்கே 'நம்ம கலாசாரம் அவங்களுக்குப் புரியல' என்ற குரல் கேட்டது. 7 வயதுப் பையன் மேல் சூடு வைப்பதற்குக் கலாசாரம் என்று பெயர் வைத்தால், கையால் ஊட்டும் அம்மாவுக்கும் அது அவமானம்தான்.

தலையிடாமல் விட்டால் என்ன ஆகும்?

அதற்கும் நார்வேயிலேயே உதாரணம் இருக்கிறது. 2005 பிப்ரவரியில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் பலத்த காயங்களுடன் இறந்து போனான். சாவதற்கு முன் பல மாதங்களாக அவன் உடம்பில் காயங்களைப் பள்ளியில் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர்களும் பார்த்திருக்கிறார்கள். பையன் துறுதுறுவென்று இருப்பவன், தானே விழுந்து அடிபட்டுக் கொள்கிறான் என்று விளக்கம் சொல்லப்பட்டது, எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இறப்பு வழக்கைக்கூடப் போலீஸ் முதலில் கைவிட்டது. பிறகுதான் மாற்றாந்தந்தை தண்டிக்கப்பட்டார். இன்றைக்கும் நார்வேயில் இந்த விவாதம் வந்தால் அந்தப் பையனின் பெயர் வராமல் இருக்காது.

2017-ல் அரசு நியமித்த குழு ஒன்று, குழந்தைகள் வன்முறைக்கும் அலட்சியத்துக்கும் பலியான 20 மோசமான வழக்குகளை எடுத்துப் படித்தது. 'தோல்வியும் துரோகமும்' என்பது அந்த அறிக்கையின் தலைப்பு. அதிகாரிகள் தலையிட்டது பற்றியது இல்லை அந்தத் துரோகம், தலையிடாதது பற்றியது. புகார்கள் வந்தும் குழந்தையிடம் தனியாக உட்கார்ந்து பேசவே இல்லை என்பது அதில் திரும்பத் திரும்ப வந்த குறை.

ஆக, ஒரு அதிகாரி இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். எடுக்கக் கூடாத குழந்தையை எடுக்கலாம். எடுக்க வேண்டிய குழந்தையை விட்டுவிடலாம். இரண்டாவது தப்பில் சாவு வரும், மறுநாள் பேப்பரில் வரும், வேலை போகும். முதல் தப்பில் ஒரு குடும்பம் மட்டும் உள்ளுக்குள் நொறுங்கும், ரகசியச் சட்டத்தால் அது வெளியே தெரியாமலே போகலாம். எந்தப் பக்கம் தவறுவது அதிகாரிக்குப் பாதுகாப்பு என்று யோசித்தால் பல விஷயங்கள் புரியும்.

ஐரோப்பிய நீதிமன்றம் எதைத் தப்பு என்று சொன்னது?

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கிறது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். குடும்ப வாழ்க்கைக்கான உரிமை, அங்குள்ள மனித உரிமை உடன்படிக்கையின் 8-வது பிரிவு. 2019 செப்டம்பர் 10 அன்று, 17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு, நார்வே இந்தப் பிரிவை மீறிவிட்டது என்று 13-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அந்த வழக்கின் கதை இது. 2008-ல் ஒரு இளம் தாய்க்குக் குழந்தை பிறக்கிறது. தாயும் சேயும் ஒரு குடும்ப மையத்தில் கண்காணிப்பில் இருக்கிறார்கள். குழந்தைக்குச் சரியாகப் பால் கொடுக்க, பராமரிக்க அவருக்குத் தெரியவில்லை என்று ஊழியர்கள் கவலைப்படுகிறார்கள். 3 வாரக் குழந்தையாக இருக்கும்போதே வளர்ப்புக் குடும்பத்துக்குப் போகிறது. தாய் பார்க்க அனுமதி ஆண்டுக்கு 4 முறை, தலா 2 மணி நேரம் என்று குறைகிறது. 3 ஆண்டு கழித்து, 2011-ல், அந்த வளர்ப்புக் குடும்பமே குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று முடிவாகிறது. தாயின் சம்மதம் இல்லாமலே.

இதற்குள் அவருக்குத் திருமணம் ஆகி, இரண்டாவது குழந்தையும் பிறந்திருந்தது. அந்தக் குழந்தையை அவரே வளர்க்கிறார். அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், பிரச்னை இல்லை என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது குழந்தையை நன்றாக வளர்க்கிற அம்மாவால் முதல் குழந்தையை வளர்க்க முடியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அவருடைய இப்போதைய நிலையைப் புதிதாக ஒரு நிபுணரை வைத்து ஏன் மதிப்பிடவில்லை? இந்த இடத்தில்தான் பெரிய அமர்வு நார்வேயைப் பிடித்தது.

கவனியுங்கள். ஆரம்பத்தில் குழந்தையை எடுத்ததுதான் குற்றம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எடுத்த பிறகு, திரும்பச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தையே அதிகாரிகள் சீக்கிரமாகக் கைவிட்டுவிட்டார்கள் என்றது. குழந்தையைப் பிரித்து வைப்பது தற்காலிக ஏற்பாடு. முடிந்தவரை சீக்கிரம் குடும்பத்தைச் சேர்த்து வைக்க முயல வேண்டியது அரசின் கடமை என்பது அந்த நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவரும் கொள்கை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பாசம் எப்படி வளரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 8 மணி நேரம், அதுவும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு கைக்குழந்தையைப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு நீங்கள் யார்? அடுத்த முறை வரும்போது முகமே மறந்திருக்கும். குழந்தை அழும். 'தாயைக் கண்டால் குழந்தைக்குப் பதற்றம் வருகிறது' என்று அறிக்கையில் எழுதுவார்கள். அந்த அறிக்கையைக் காட்டி, சந்திப்பு இன்னும் குறையும். 3 வருடம் போனால், 'குழந்தை வளர்ப்புக் குடும்பத்தோடு ஒட்டிவிட்டது, இப்போது பிரித்தால் அதுதான் கொடுமை' என்பார்கள். அந்தக் கட்டத்தில் அது உண்மையாகவும் இருக்கும்! பிரிவு பிரிவுக்கே காரணம் ஆகிவிடுகிறது. ஸ்டவாங்கர் வழக்கில் சொல்லப்பட்ட ஆண்டுக்கு 3 மணி நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். கையால் ஊட்டியதா இல்லையா என்ற சண்டையை விட, அந்த 3 மணி நேரம்தான் பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

2021 டிசம்பர் 10 அன்று இன்னொரு பெரிய அமர்வுத் தீர்ப்பு வந்தது. சோமாலியாவிலிருந்து கென்யா வழியாக, கைக்குழந்தையோடு நார்வே வந்து சேர்ந்த பதின்ம வயதுத் தாய் அவர். முஸ்லிம். மகனை அதிகாரிகள் எடுத்தபோது, முஸ்லிம் அல்லது சோமாலியக் குடும்பத்தில் வையுங்கள் என்று கேட்டார். வைக்கப்பட்டது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். பிறகு அவர்களே தத்தெடுக்கவும் அனுமதி கிடைத்தது. இதில் மனதைத் தைப்பது என்னவென்றால், இத்தனை வருடம் கழித்துப் பிள்ளையைத் திருப்பித் தாருங்கள் என்றுகூட அந்தத் தாய் கேட்கவில்லை. அவன் அங்கேயே வளரட்டும், நான் பார்க்க மட்டும் அனுமதியுங்கள், அவன் வேரை அறுத்துவிடாதீர்கள் என்பதுதான் அவர் கோரிக்கை. நீதிபதிகள் ஒருமனதாக நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். இதே பாணியில் அடுத்தடுத்துப் பல வழக்குகளில் அந்நாடு தோற்றது.

பிரித்து வைத்தால் குழந்தைக்கு நல்லதா? ஆய்வுகள் என்ன சொல்லுது?

இதை அளப்பது கஷ்டம். வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பிற்காலத்தில் சிரமப்பட்டால், அது அந்த ஏற்பாட்டால் வந்ததா, அதற்கு முன்பே பட்ட கொடுமையால் வந்ததா? பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள். அங்கே புகார் வந்ததும் வரிசைப்படி ஏதோ ஒரு விசாரணை அதிகாரியிடம் போகும். சிலர் கறாரானவர்கள், சிலர் இளகிய மனசு. ஒரே மாதிரியான இரண்டு குழந்தைகளில், கறார் அதிகாரியிடம் சிக்கியது வீட்டை விட்டுப் போகும், மற்றது வீட்டிலேயே இருக்கும். இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

2007-ல் ஜோசப் டாயில் என்பவர் இல்லினாய் மாநிலத்தில் செய்த ஆய்வில், எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்த குழந்தைகளில், வீட்டிலேயே விடப்பட்டவர்கள்தான் பிற்காலத்தில் நன்றாக இருந்தார்கள். குற்ற வழக்குகள் குறைவு, வருமானம் அதிகம். ஆனால் பிற்பாடு மிஷிகன் மாநிலத்தில் நடந்த ஆய்வு இதற்கு நேர் எதிர். எடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பிறகு கொடுமை குறைந்தது, பள்ளிக்கு ஒழுங்காகப் போனார்கள், கணக்குப் பாடத்திலும் முன்னேறினார்கள்.

எது சரி? மிஷிகன் ஆய்வில் ஒரு முக்கியமான விவரம் இருக்கிறது. அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு ஆண்டுகளில் பெற்றோரிடமே திரும்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் பெற்றோருக்கு உதவிகள் கிடைத்தன. பலன்கள் தெரிந்ததும் வீடு திரும்பிய பிறகுதான். அதாவது, ஸ்ட்ராஸ்பூர்க் நீதிபதிகள் சட்டத்தின் வழியாகச் சொன்னதையும், இந்த ஆய்வாளர்கள் கணக்கின் வழியாகச் சொன்னதையும் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரே விஷயம்.

இப்போ நார்வேயில் ஏதாவது மாறியிருக்கா?

மாறியிருக்கிறது. 2020 மார்ச் 27 அன்று நார்வே உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் 3 தீர்ப்புகள் வழங்கி, ஸ்ட்ராஸ்பூர்க் சொன்னபடி நடைமுறையை மாற்ற வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களுக்கு வழி காட்டியது. சந்திப்பு நேரத்தை வழக்கமான ஒரு எண்ணாகப் போடாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது.

2023 ஜனவரி 1 முதல் புதிய சட்டமும் அமலில் இருக்கிறது. வெளியே வைப்பதாக இருந்தால், முதலில் உறவினர்கள், தெரிந்தவர்கள் மத்தியில் வீடு கிடைக்குமா என்று தேட வேண்டும். குழந்தையின் மொழி, மதம், கலாசாரப் பின்னணியைக் கணக்கில் எடுக்க வேண்டும். திரும்பச் சேர்ப்பதை நோக்கி வேலை செய்ய வேண்டும். எழுத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே தத்துக் கொடுக்கப்பட்டுவிட்ட குழந்தைகளுக்கு இந்தச் சட்டத்தால் பெரிதாக எதுவும் மாறப் போவதில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜெயித்த தாய்க்குக்கூட ஜெயித்ததால் மகன் தானாகக் கைக்கு வந்துவிட மாட்டான்.

நம்ம ஊர்ல இப்படி ஒரு அமைப்பு இல்லையா?

இருக்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. ஒரு தலைவர், 4 உறுப்பினர்கள். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் இதன் முன் நிறுத்த வேண்டும். ஸ்டவாங்கர் தாய்க்குக் கை கொடுத்த பர்தமான் குழுவும் இதே வகைதான்.

ஆனால் இங்கே பிரச்னை தலைகீழ். அங்கே அரசு வீடு தேடி வந்து பிள்ளையை எடுக்கிறது என்று பயம். இங்கே சோறு போட முடியாமல், படிக்க வைக்க முடியாமல் பெற்றோரே கொண்டுபோய் இல்லத்தில் விடுகிறார்கள். கொரோனா பரவியபோது இந்தியா முழுக்கக் குழந்தைகள் இல்லங்களில் 2,27,518 பேர் இருந்ததாகவும், அதில் 1,45,788 பேர் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டதாகவும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 'அநாதை இல்லம்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் இருந்த பாதிப் பேருக்கு மேல் அனுப்பி வைக்க ஒரு குடும்பம் இருந்திருக்கிறது! அப்படி வீடு திரும்பும் பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது.

இல்லத்தில் வைத்தால் அரசு செலவழிக்கும், அம்மாவிடம் இருந்தால் ஒன்றும் கிடையாது என்ற நிலை மெதுவாக மாறுகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உண்டு. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரப்படுகிறது. உங்களுக்குத் தெரிந்து அப்படி ஒரு குடும்பம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் என்ன செய்யலாம்?

நார்வேயில் தமிழர்கள் புதியவர்கள் இல்லை. இலங்கையிலிருந்து போய், பல பத்தாண்டுகளாக அங்கே வேர் விட்டவர்கள். 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயராக வந்த கம்சி குணரட்னம் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தியாவிலிருந்து ஓரிரு வருட வேலைக்குப் போகிறவர்களின் நிலைமை வேறு. மொழி தெரியாது, சொந்தபந்தம் பக்கத்தில் இருக்காது, பள்ளியிலிருந்து வரும் கடிதத்தின் கனம் புரியாது.

அப்படி ஒரு கடிதம் வந்தால், 'நம்மள என்ன பண்ணிருவாங்க' என்று ஒதுக்கிவிடாதீர்கள். சந்திப்புக்குப் போகாமல் இருந்தால் 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்றுதான் பதிவாகும். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நார்வேயில் தீர்ப்பாயம் வரை போகும் வழக்கில் வழக்கறிஞர் இலவசம், ஆனால் அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஒருவரிடம் பேசுவது நல்லது. ஒருவேளை குழந்தையை எடுத்துவிட்டால், வளர்க்கத் தயாராக இருக்கும் தாத்தா பாட்டி, சித்தி, மாமா பெயர்களை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். சந்திக்க எத்தனை முறை அனுமதி கிடைக்கிறதோ, ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். அனுமதித்த நேரம் போதாது என்றால், அதிகம் வேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேளுங்கள்.

குற்ற வழக்கில் விடுதலை கிடைத்தால் பிள்ளை தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பெர்லினில் 2021 செப்டம்பரில் 7 மாதக் குழந்தையை இழந்த குஜராத்தித் தம்பதி மீதான குற்ற விசாரணை 2022 பிப்ரவரியிலேயே கைவிடப்பட்டது. ஆனாலும் 2023 ஜூனில் அங்குள்ள நீதிமன்றம் குழந்தையைப் பெற்றோரிடம் தர மறுத்துவிட்டது. குற்றம் நிரூபணமாக வேண்டிய அளவு வேறு, குழந்தை யாரிடம் இருக்கலாம் என்று முடிவெடுக்கும் அளவு வேறு.

இந்தியத் தூதரகத்துக்கும் உடனே சொல்லுங்கள். 1963-ல் ஏற்பட்ட வியன்னா ஒப்பந்தத்தின் 37-வது பிரிவுப்படி, வெளிநாட்டுக் குழந்தை ஒன்றுக்குப் பாதுகாவலரை நியமிக்க வேண்டியிருந்தால் அந்நாட்டு அதிகாரிகளே சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அவர்கள் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே, தமிழ்நாட்டில், ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது கண்ணில் பட்டால் கூப்பிட வேண்டிய எண் 1098. கட்டணம் கிடையாது.